வாசலுக்குக் கீழ ஓடுற தண்ணி

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. இந்தப் பை மடியிலதான் இருக்கணும். கீழ வைக்க முடியாது. உள்ள மனு இருக்கு, கசங்குச்சுன்னா ஆபீசுல மூஞ்சியச் சுளிப்பாக. ஆமா, கலெக்டர் ஆபீசுக்குத்தான். திங்கக்கெழம இந்த பஸ்ஸுல வேற எதுக்கு இம்புட்டுக் கூட்டம்? ஆளுக்கொரு மனு. எல்லாரு மூஞ்சியையும் பாருங்க, ஒருத்தனாவது சிரிக்கிறானா?

யாரு மேல மனுன்னு கேக்க மாட்டீங்களா? கேக்காட்டியும் சொல்லுவேன், ஒரு மணி நேரம் இருக்குல்ல. ஒரு டீச்சர் மேல. எங்க ஊரு நடுநிலைப் பள்ளிக்கூடத்துல சுடர்க்கொடின்னு ஒரு டீச்சர். அதத் தூக்கி எங்கிட்டாச்சும் அடிக்கணும். தண்ணியே இல்லாத ஊரா இருந்தா ரொம்ப நல்லது. அங்க போயி உக்காந்து புள்ளைகளுக்குத் தண்ணியப் பத்திப் பாடம் நடத்தட்டும்.

எம்பேரு பூமிநாதன். கூத்தனேந்தல் பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டர். இருவத்தி ரெண்டு வருசம் ஆச்சு. மோட்டரப் போட்டு மேல்தொட்டிய நெப்பணும், தெருத்தெருவாப் போயி வால்வத் தொறக்கணும், நேரம் பாத்து அடைக்கணும். வீட்டுக்கு வீடு கொழா இன்னும் எங்க ஊருக்கு வரல. தெருக்கொழாதான். அதுனால நான்தான் எல்லாம். சாமி ஊர்வலம் பிந்துனாப் பொறுத்துக்குவாய்ங்க, நான் அஞ்சு நிமிசம் பிந்துனா என் ஏழு தலமொறையையும் இழுத்துப் பேசுவாய்ங்க. மேலத்தெருக்காரன் பத்தலம்பான். கடைசித்தெருக்காரி வரவே இல்லம்பா. இருவத்தி ரெண்டு வருசத்துல ஒரு நாய் என்னையப் பாத்து, பூமி, நல்லா இருக்கியான்னு கேட்டது கெடையாது. தண்ணி எப்ப வரும்னுதான் கேக்கும்.

இதுல இந்த டீச்சரு வந்துச்சு. போன ஆடியில. வந்ததும் பசுமைப் படைன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஏழாப்பு எட்டாப்புல இருவத்தி ரெண்டு புள்ளைகளப் பொறுக்கிக்கிச்சு. சனிக்கெழம ஆனாப் போதும், புள்ளைகள ஓட்டிக்கிட்டுக் கெளம்பிரும். நாங்க படிக்கிற காலத்துல சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிச்சோம். இதுக கண்மாய்க்குள்ள எறங்கி மண்ண அள்ளி பாட்டில்ல போட்டுக் குலுக்கிக்கிட்டுத் திரியுதுக. கேட்டா மண்ணோட அடுக்குப் பாக்குறோம்குதுக. ஒருநா புளியமரத்த ஆளுக்கொண்ணாக் கட்டிப்புடிச்சுக் கண்ண மூடி நிக்குதுக. என்னடான்னா, மரத்தோட சத்தம் கேக்குறோம் மாமா அப்படீங்குதுக. மரத்துக்கு என்னடா சத்தம்? வெளையாட்டா மதிப்பெண்ணா ஒண்ணும் கெடையாது, வெயில்ல அலையுறதுதான் படிப்பு. பெத்தவய்ங்க ஒருத்தன் கேக்கல. நான்தான் கேட்டேன். நான்தான் எல்லாத்தையும் கேக்குறவன்.

என் மகளும் அதுல இருந்தா. நாகஜோதி. ஏழாப்பு. ஒரே புள்ள.

சொல்றதக் கேளுங்க. தை மாசம் அந்த டீச்சரு என்ன பண்ணுச்சு, புள்ளைக கையில கொடத்தையும் ஒரு செல்லையும் குடுத்து, எந்தத் தெருவுல ஒரு கொடம் நெறைய எம்புட்டு நேரமாகுதுன்னு குறிச்சுக்கிட்டு வான்னு அனுப்பிருச்சு. இது பாடமா? இது வேவு. மேலத்தெருவுல ஒரு நிமிசம். நடுத்தெருவுல ஒண்ணரை. கடைசித்தெருவுல ஆறு நிமிசம். அத ஒரு சார்ட்டுல கலர்க் கலரா எழுதி பள்ளிக்கூடத்து வாசல்ல தொங்க விட்டாச்சு. மறுநா காலையில கடைசித்தெருவுக்கு வால்வத் தொறக்கப் போனா, அத்தன பொம்பளைகளும் இடுப்புல கையக் குத்திக்கிட்டு நிக்கிறாளுக. ஆறு நிமிசம்யா, ஆறு நிமிசம்யாங்குறாளுக. அதுக்கு முந்தி அவளுகளுக்கு ஆறும் தெரியாது, நிமிசமும் தெரியாது. மாரியாயி மருமக, ஏழு மாசம், ரெண்டு கொடத்த வச்சுக்கிட்டு என்னைய மொறைக்கிறா. வாயும் வயிறுமா இருக்குறவ வீட்ல கெடக்க வேண்டியதுதான? நானா வரச் சொன்னேன்?

சரி. அன்னைக்கே மனு போட்டிருக்கணும். போடல. ஏன் போடல? அந்தச் சிறுக்கி… வேணாம், டீச்சருன்னே சொல்றேன். டீச்சரு நேரா எங்கிட்ட வந்துச்சு. பூமியண்ணே, நடுவுல எங்கயோ தண்ணி போகுதுண்ணே, பூமிக்குள்ள ஒழுகுது போல, அத எப்புடிக் கண்டுபுடிக்கிறதுன்னு உங்களைத் தவிர இந்த ஊர்ல யாருக்குத் தெரியும், நீங்க வந்து புள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும்னு கேட்டுச்சு.

வகுப்பு. நான். எட்டாப்புல பெயிலாயி அதே பள்ளிக்கூடத்துச் செவரேறிக் குதிச்சு ஓடுன பய நானு.

போனேன் தம்பி. பொய் சொல்ல மாட்டேன், சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போனேன். வேப்பமரத்தடியில சேர் போட்டாக. புள்ளைக எந்திரிச்சு வணக்கம் சொல்லுச்சுக. டீச்சரு, இவுகதான் இன்னைக்கு உங்க சாரு அப்படின்னுச்சு. நாகஜோதி முன் வரிசையில உக்காந்து, எங்கப்பா எங்கப்பான்னு பக்கத்துப் புள்ள காதுல ஓதிக்கிட்டே இருந்தா. அதுலதான் விழுந்தேன். என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்ட எடம் அதுதான், வேப்பமரத்தடி.

வால்வுச் சாவின்னா தெரியுமா உங்களுக்கு? டி மாதிரி இருக்கும், இடுப்பு ஒசரத்துக்கு இரும்புக் கம்பி. குழிக்குள்ள விட்டு வால்வத் திருகுறது. அதுக்கு இன்னொரு வேல இருக்கு, எங்க ஆளுகளுக்குத்தான் தெரியும். சாவி நுனிய பைப்பு போற மண்ணுல அழுத்தி ஊணி, கைப்பிடியில காத வைக்கணும். மூச்ச அடக்கணும். எங்க லைன் பழைய இரும்பு லைன், நல்லாக் கேக்கும். நின்ன தண்ணிக்குச் சத்தம் இல்ல. ஓடுற தண்ணி இரையும். ஒழுகுற தண்ணி சீறும், அடுப்புல வச்ச ஈரச் சட்டி மாதிரி. இத எனக்குச் சொல்லிக் குடுத்த ஆளு செத்தே போனாரு. நான் யாருக்கும் சொன்னதில்ல. சொன்னா என் வேலைக்கு என்ன மதிப்பு? அத இருவத்தி ரெண்டு புள்ளைகளுக்கும் அவுத்துக் கொட்டிட்டேன். கை தட்டுச்சுக தம்பி. கை தட்டுனா மனுசன் என்ன வேணாலும் செய்வான்.

எல்லாத்துலயும் காது யாருக்குன்னு நெனைக்கிறீங்க? என் மகளுக்கு. மத்ததுகளுக்கு ஒண்ணும் கேக்கல, சும்மா ஆமா ஆமான்னு தலையாட்டுச்சுக. அவ மட்டும் கண்ண மூடிக்கிட்டு, அப்பா, இங்க தண்ணி ரெண்டு விதமா ஓடுதுன்னா. அந்த எடத்துல பைப்புக்குள்ள உப்புக் காரை கட்டியிருக்கு, எனக்கே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் புரிஞ்சது. அன்னைக்கு ராத்திரிச் சோறு ரெண்டு வாய் கூடவே எறங்குச்சு எனக்கு.

ஏம்மா, அந்தக் கூடைய எங்கால்லயா வைக்கணும்? அங்கிட்டுத் தள்ளுங்க. இந்த பஸ்ஸுல மனுசனுக்கு எடமில்ல, கோழிக்கு எடமிருக்கு.

எங்க விட்டேன்? ஆங், சனிக்கெழம. மாசி மாசம் ஒரு சனிக்கெழம. தண்ணி நடைன்னு பேரு. தொட்டியிலருந்து கடைசித்தெரு வரைக்கும் லைன் மேலயே புள்ளைக நடந்து போகணும். ஆளுக்கு முப்பது அடி. ஒவ்வொண்ணும் கம்பிய ஊணிக் கேட்டு, எங்க சீறுதோ அங்க செகப்புத் துணி கட்டுன குச்சிய நடணும். காலையில தண்ணி விட்டு முடிச்சதும் நான் எல்லா வால்வையும் அடைச்சேன். நான்தான் சொன்னேன், எல்லாத்தையும் அடைச்சாத்தான் ஒழுகுற சத்தம் தனியாக் கேக்கும்னு. அப்ப லைனுக்குள்ள ஓட்டம் இருக்கக் கூடாது. ஓட்டம் இருந்தா அங்க ஓட்டைன்னு அர்த்தம். அம்புட்டுத்தான் கணக்கு. தெருத்தெருவாப் போயி நானே என் கையால அடைச்சேன். எல்லாத்தையும்.

எங்க வீட்டத் தவிர.

இப்ப நீங்க ஒரு மாதிரியாப் பாக்குறீங்க. பாக்காதீங்க. முழுசாக் கேளுங்க. எங்க வீடு நடுத்தெரு முக்குல, கடைசித்தெருவுக்குப் போற மெயின் லைன் எங்க வாசலுக்கு நேரா கீழதான் போகுது. அதுலருந்து ஒரு அரை இஞ்சு லைன் எங்க வீட்டுக்குள்ள வருது. வால்வுக்கு முன்னாடியே பிரியுது, அதுனால தொட்டியில தண்ணி இருந்தா எங்க வீட்ல இருக்கும். நான் போட்டதுதான். பதிமூணு வருசமாச்சு. ஊருக்குத் தெரியாது. நான் தொட்டிக்கிட்டயே புடிச்சுக்கிட்டு வர்றேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காய்ங்க.

திருட்டுங்குறீங்களா? சொல்லுங்க, வாய்க்குள்ளயே முனங்காதீங்க. எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. பொறக்கல. எம்பொண்டாட்டி பஞ்சவர்ணம் எட்டாம் மாசத்துல கொழாயடியில ரெண்டு கொடத்தோட வழுக்கி விழுந்தா. பையன். மூஞ்சி பாத்தேன். ஊருக்கே தண்ணி விடுறவன் பொண்டாட்டி, தண்ணிக்குப் போயி விழுந்தா. மறுபடி அவ உண்டான அன்னைக்கு கடப்பாரைய எடுத்து நானே தோண்டி நானே லைன் போட்டேன். நாகஜோதிக்காகப் போட்ட லைன் அது. அவ குளிச்ச மொத தண்ணி அந்தத் தண்ணி. அத எவனாவது திருட்டும்பானா? சொல்லட்டும், பல்லத் தட்டிர்றேன்.

நெசமாச் சொல்றேன் தம்பி, அன்னைக்கு வால்வெல்லாம் அடைக்கும்போது அந்த நெனப்பே வரல எனக்கு. மறந்தேன்னுகூடச் சொல்ல முடியாது. அது ஒரு லைன்னே எனக்குத் தோணல. அது எங்க வீடு. பஞ்சவர்ணம் உள்ள தொட்டிக்குத் தொறந்து விட்டுட்டுக் கன்னுக்குட்டியக் குளுப்பாட்டிக்கிட்டு இருக்கா.

எங்க வாசல் முப்பது அடி யாருக்கு விழுந்துச்சுன்னு நான் சொல்லணுமா? சீட்டுக் குலுக்கித்தான் போட்டுச்சாம் அந்த டீச்சரு. என்ன சீட்டோ.

அதுக்குள்ள ஏழு குச்சி நட்டாச்சு. மேலத்தெருவுல அஞ்சு, கோயில் முக்குல ரெண்டு. எனக்கும் சந்தோசந்தான், நான் சொல்லிக் குடுத்தது சரியா வருதேன்னு. அப்பப் பாத்து, அப்பான்னு ஒரு கத்து. நாகஜோதி. எங்க வாசல்ல கம்பிய ஊணி, காத ஒட்டிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அப்பா, வாங்கப்பா, இங்க பெருசா ஓடுதுப்பா, இதுதான்ப்பா, கடைசித்தெருவுக்கு வராத தண்ணி இங்கதான்ப்பா போகுது! டீச்சரு ஓடி வருது. புள்ளைக ஓடி வருதுக. அக்கம்பக்கத்துல எட்டிப் பாக்குறாய்ங்க. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு.

நீங்க கேளுங்கப்பா, நீங்க கேட்டுச் சொன்னாச் சரின்னு கம்பிய எங்கிட்ட நீட்டுறா.

காத வச்சேன். ஆத்து வெள்ளம் மாதிரி இரையுது. கொழந்தைகூடச் சொல்லிரும். எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாக. நான் நிமுந்து, ஒண்ணுமில்ல, நின்ன தண்ணிதான்னு சொன்னேன்.

அவளுக்குப் புரியல. இல்லப்பா, இரையுதுப்பா, நல்லாக் கேளுங்கன்னா. நான் சிரிச்சுக்கிட்டே, எம்மகளுக்குக் காது கோளாறு டீச்சர், நேத்தெல்லாம் சளி அவளுக்குன்னேன். புள்ளைக சிரிச்சுச்சுக. அவ சிரிக்கல. கம்பியையே பாத்துக்கிட்டு நின்னா. டீச்சரு அவ தோள்ல கைய வச்சு, பரவாயில்லடா, சாரே சொல்லிட்டாருல்ல, அடுத்த எடத்துக்குப் போலாம்னுச்சு. அம்புட்டுத்தான். அடுத்த எடத்துக்குப் போயிட்டாக. அந்த டீச்சருக்குச் சந்தேகமே இல்ல தம்பி. நான் சொன்னா நம்புது. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

ஞாயித்துக்கெழம தொட்டி கழுவுற நாளு. பிளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்திட்டு மத்தியானம் வீட்டுக்கு வர்றேன், வாசல்ல குழி. கடப்பாரை கெடக்கு. நாகஜோதி குழிக்கிட்ட குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கா. கையெல்லாம் கொப்புளம். ஓட்டையத் தோண்டிக் காட்டி, எங்காது சரிதான்னு நிரூபிக்கணும்னு தோண்டியிருக்கா. அவ ஒருத்தியா. குழிக்குள்ள அந்த அரை இஞ்சு பைப்பு கருப்பாத் தெரியுது, படிக்குக் கீழ பூந்து வீட்டுக்குள்ள போறது வரைக்கும். நல்லவேள, மொட்ட வெயிலு, தெருவுல ஒரு குஞ்சும் இல்ல.

இது எங்கப்பா போகுதுன்னு கேட்டா. கேள்வியப் பாருங்க. எங்க போகுதுன்னு அவளுக்குத் தெரியாதா?

ஓங்கி ஒரு அறை விட்டேன். ஆமா, விட்டேன். பொறந்ததுலருந்து அவ மேல கை வச்சதில்ல. அன்னைக்கு வச்சேன். எந்த அப்பனா இருந்தாலும் வச்சிருப்பான். நீங்க உங்க வாசல்ல அப்படி ஒரு குழியப் பாத்தா வைக்க மாட்டீங்களா? சும்மா தலையாட்டாதீங்க.

அழுதிருந்தாக்கூடச் சமாதானம் பண்ணியிருப்பேன். அவ அழல. எந்திரிச்சா. மம்பட்டிய எடுத்து அவளே குழிய மூடுனா. கால வச்சு மிதிச்சா. தண்ணி தெளிச்சா. தெளிச்சுப்பிட்டு, உச்சி வெயில்ல அதுக்கு மேல ஒரு கோலம் போட்டா தம்பி, சுத்தி முத்தி பாத்துக்கிட்டு. நல்ல பெரிய கோலம். அங்க ஒரு குழி இருந்துச்சுன்னு எவனும் சொல்ல மாட்டான். அழுத்தக்காரி. எவகிட்டக் கத்துக்கிட்டாளோ.

யாருகிட்டயும் சொல்லல. நானும் ஒரு வாரம் காதத் தீட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், டீச்சருக்குத் தெரியல, புள்ளைகளுக்குத் தெரியல. அவ அம்மாகிட்ட மட்டும் என்னமோ பேசியிருக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போயி மாட்டியிருந்த படத்தையும் பாத்தேன், லைன் முழுக்க வரைஞ்சு செகப்புப் பொட்டு வச்சிருந்துச்சுக. எங்க வீட்டுக்கு நேரா பொட்டு இல்ல. பென்சில்ல ஒரு கேள்விக்குறி. லேசா. அழிச்சு அழிச்சுப் போட்டிருக்கா.

அப்பறம் எதுக்கு மனுங்குறீங்க. அதத்தான் சொல்ல வர்றேன். குழிய மூடுன மறுநா திங்கக்கெழம காலையில அவ ஒரு நீலக் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனா. எங்கடின்னேன். நடுத்தெருக் கொழாயத் தாண்டி, நேராக் கடைசித்தெருவுக்குப் போயி வரிசையில நிக்கிறா. மாரியாயி மருமகளுக்குப் பின்னாடி. ஆறு நிமிசம் நின்னு ஒரு கொடம் புடிச்சுக்கிட்டு வந்தா. அதுல பல்லு வெளக்குனா, குளிச்சா, குடிச்சா. வீட்டுக் கொழாயத் தொடல. பஞ்சவர்ணம் சோறு ஆக்கி வச்சா, எந்தத் தண்ணின்னு இவ கேக்குறா. வீட்டுத் தண்ணின்னா திங்க மாட்டேங்குறா. இப்ப அவளுக்கு மட்டும் தனியா ஒரு சின்னச் சட்டியில ஒல வைக்கிறா அவ ஆத்தாகாரி, அந்தக் கொடத்துத் தண்ணியில. மூணு வாரமாச்சு. ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு மாதிரி. தெருவே கேக்குது, என்ன பூமி, தண்ணி தொறந்து விடுறவன் மகளே கொடத்தத் தூக்கிட்டு நிக்கிறா, வீட்ல சண்டையான்னு. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு.

யாரு கெடுத்தது? சொல்லுங்க. அந்த டீச்சருதான? அது வராட்டி இந்தப் புள்ள கம்பிய ஊணியிருக்குமா? தோண்டியிருக்குமா?

பஞ்சவர்ணம் சொல்றா, இந்தாங்க, ஒரு மூடிதான, வாங்கிப் போட்டு அடைச்சு விடுங்களேன், புள்ளய விட அந்தத் தண்ணியா பெருசுன்னு. மனுவுல கையெழுத்துப் போடுடின்னா, போட மாட்டேனுட்டா. அவளுக்கென்ன, சொல்லிருவா. அரை இஞ்சு எண்ட் கேப், உள்ளங்கையில பாதிகூட இருக்காது. வேல அஞ்சு நிமிசம். எனக்குத் தெரியாதா? ஆனா அடைச்சா என்ன அர்த்தம்? பதிமூணு வருசம் பூமிநாதன் திருடுனான்னு அர்த்தம். எம்மகளுக்கு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் திருடன் இல்ல தம்பி. திருடனா இருந்தா மொத நாளே அடைச்சிருப்பேன்.

இன்னொண்ணு இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம இருவத்தி ரெண்டாந்தேதி. தண்ணி நாளாம். கிராம சபைக் கூட்டம். அதுல பசுமைப் படைப் புள்ளைக அந்தப் படத்த விரிச்சு, ஆளுக்கு முப்பது அடிய எந்திரிச்சு வாசிக்கணுமாம். பெரிய ஆபீசர்லாம் வருவாக. அதுனாலதான் இன்னைக்கே மனு. டீச்சர மாத்திட்டா கூட்டத்துல வாசிக்கிறது நின்னுரும்ல? இல்ல, ஒத்திப்போடவாவது செய்வாக. வேற எப்புடி நிப்பாட்டுறது?

முந்தாநாளு நான் சட்டை மாட்டிக்கிட்டு இருக்கேன். வந்து வாசப்படியில நின்னா. மூணு வாரம் கழிச்சு மொத பேச்சு. அப்பா, ஞாயித்துக்கெழம நான் என்ன வாசிக்கணும்னு கேட்டா. என்னத்தடி வாசிக்கணும்னேன். நம்ம வாசல்ல தண்ணி ஓடுதுன்னு வாசிக்கவா, இல்ல எனக்குக் காது கோளாறுன்னு வாசிக்கவா, நீங்க சொல்லுங்கப்பா, அதையே வாசிக்கிறேன் அப்படின்னா.

அப்பங்கிட்டக் கேக்குற கேள்வியா இது? திமிரு. கொழுப்பு. நீங்களே சொல்லுங்க.

…திமிரா கேக்கல. அதான். மெதுவாத்தான் கேட்டா. நெசமாவே நான் சொன்னா அதையே வாசிச்சிருவா. காது கோளாறுன்னு சொல்லுன்னா ஊருக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்லிருவா. எனக்குத் தெரியும் அவளைய.

சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டேன்.

இந்த மனுவக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன். நீங்க படிச்சவுக மாதிரி தெரியுது. தாலுகாபீசு வாசல்ல மனு எழுதுற ஆளு எழுதுனது. பொதுமக்களாகிய நாங்கள்னு ஆரம்பிச்சிருக்கான். கையெழுத்தா? ஒண்ணு போதும். நானும் பொதுமக்கள்தான? சிரிக்காதீங்க. கீழ பாருங்க, ஒரு எடம் காலியா விட்டிருக்கு. ஏற்பட்ட பாதிப்புன்னு போட்டு அதுக்கு எதுத்தாப்புல ஒண்ணும் இல்ல. டீச்சரால உங்களுக்கு என்ன பாதிப்புன்னு அவன் கேட்டான். யோசிச்சுப் போட்டுக்கங்கன்னு விட்டுட்டான். நீங்க போடுங்க. பேனா இருக்குல்ல? எழுதுங்க. பாடத்த ஒழுங்கா நடத்துறதில்லன்னு எழுதுங்க. இல்ல, அது நிக்காது, அந்தப் புள்ளைகதான் பரிச்சையில முன்னாடி நிக்குதுக. வெயில்ல அலைய விடுறதுன்னு… அதுவும் சரியில்ல. எழுதுங்க, எம்மக… எம்மக என் வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குறான்னு எழுதுங்க.

எழுதிட்டீங்களா? எழுதாதீங்க. எடுங்க பேனாவ. இத எந்தக் கலெக்டரு சரி பண்ணுவாரு?

இன்னைக்குக் காலையில நடந்தத உங்ககிட்டச் சொல்லல. கடைசித்தெருவுக்குத் தண்ணி விட்டு நேரம் முடிஞ்சுபோச்சு. முக்குல வால்வுக் குழியில சாவிய விட்டு அடைக்க ஆரம்பிச்சேன். பதினெட்டுச் சுத்து. ஆறு சுத்து வந்திருக்கும். நிமுந்து பாத்தா தெருக் கடைசியில கொழாயில நிக்கிறது அவ ஒருத்திதான். கொடத்துல பாதிகூட இல்ல. அவ என்ன செஞ்சா தெரியுமா? குனிஞ்சு, கொழாப் பைப்புல காத வச்சா. நான் அடைக்கிறது அவளுக்குக் கேட்டுருச்சு. அப்படியே தல நிமுத்தி என்னையப் பாத்தா. கை ஆட்டல, கத்தல. சும்மா பாத்தா.

திருப்பித் தொறந்து விட்டேன். ஆறு சுத்தும். நெறஞ்சு, அவ தூக்கி இடுப்புல வச்சுப் போறவரைக்கும் சாவியப் புடிச்சுக்கிட்டே நின்னேன். தண்ணி நிக்கலன்னு தெரிஞ்சதும் அந்தத் தெருப் பொம்பளைகள்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டுத் திரும்ப ஓடி வந்தாளுக. மாரியாயி மருமக என்னையப் பாத்துச் சிரிச்சா. நல்லா இருங்கண்ணேன்னா. இருவத்தி ரெண்டு வருசத்துல மொத தடவ. அவளுகளுக்காகத் தொறந்து விட்டேன்னு நெனச்சுக்கிட்டாளுக. கோட்டிக்காரிக.

என்ன, வந்துருச்சா? கலெக்டர் ஆபீசு நிறுத்தமா? மனு குடுக்காம விட மாட்டேன் தம்பி, அந்த டீச்சர சும்மா விடுறதா இல்ல. அந்தக் காலி எடம் அப்படியே கெடக்கட்டும். நீங்க எறங்குங்க, எறங்குங்க, நான் அடுத்த நிறுத்தத்துல எறங்கி நடந்து வர்றேன். கூட்டமா இருக்குல்ல.

இந்தா கண்டக்டரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட பைப்புச் சாமான் கடை ஒண்ணு இருக்குமே, அது இந்நேரம் தொறந்திருப்பாய்ங்களா?